ஹந்தானை மழையும் சிறுகணினியின் மறதியும்

கண்டி நகருக்குத் தெற்கே, பேராதனைப் பல்கலைக்கழக வளாகத்துக்கு மேலே, ஹந்தானை மலைத்தொடர் எழுந்து நிற்கிறது. 1925-இல் கட்டப்பட்டு இன்று அருங்காட்சியகமாக விளங்கும் தேயிலைத் தொழிற்சாலையும், தோட்டத் தொழிலாளரின் லயன் குடியிருப்புகளும், காற்று ஓயாத புல்வெளி முகடுகளும் இத்தொடரில் உள்ளன. இரு பருவக்காற்றுகளுக்கு இடைப்பட்ட சித்திரையிலும், ஐப்பசி கார்த்திகையிலும் இங்கு மழை பெரும்பாலும் பிற்பகலில் இடியோடு வரும். காலையில் தெளிந்திருந்த வானம் உச்சி சாய்ந்தபின் கறுக்கும். மாலைக்குள் ஓடைகள் செந்நீராகி மகாவலியை நோக்கி இறங்கும்.

இம்மழையை அளப்பது ஆராய்ச்சி ஆர்வத்துக்காக மட்டுமன்று. மலைநாட்டில் மண்சரிவு எச்சரிக்கை விடுக்கும் பொறுப்பு தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தினுடையது. அந்நிறுவனம் மூன்று எல்லைகளை வகுத்துள்ளது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீட்டர் மழை பெய்தால் விழிப்பு. 100 ஆனால் ஆயத்தம். 150 ஆனால் வெளியேற்றம். 2014 ஒக்தோபர் 29 காலையில் கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் நீர் ஊறிய மலை சரிந்து லயன்களை மூடியதை மலையகத் தமிழர் எவரும் மறந்திலர். ஆகவே கடந்த 24 மணி நேரத்தில் பெய்த மழை எவ்வளவு என்ற ஒற்றை எண், சரிவின் அடியில் உறங்குவோருக்கு உயிர் பற்றிய கணக்கு. மலைநாட்டு மாவட்டங்களில் இன்று தானியங்கி மழைமானிகள் பல நிறுவப்பட்டிருக்கின்றன.

இக்கட்டுரை எடுத்துக்கொள்வது அத்தகைய மானியின் உள்ளே அமரக்கூடிய சிறுகணினியை. ஹந்தானைச் சரிவில் ஒரு கம்பத்தின் மீது அது இருப்பதாக எண்ணிக்கொள்வோம். 0.2 மில்லிமீட்டர் நீர் சேர்ந்ததும் கவிழும் சிறு கிண்ணம், ஒரு ஞாயிற்றொளித் தகடு, மின்கலம், செல்பேசி வலையோடு பேசும் இணைப்பி, உள்ளங்கை அளவுள்ள ஒரு கணினிப் பலகை, அதில் செருகிய நினைவட்டை ஆகியன அதன் உறுப்புகள். பலகையில் ஓடுவது லினக்ஸ் இயங்குதளம். மேசைக் கணினியில் ஓடும் அதே இயங்குதளம்தான். ஆனால் இங்கே வன்வட்டு இல்லை. மின்னை ஒழுங்காக நிறுத்திவிட்டுப் போகும் ஆளும் இல்லை.

அப்பலகைக்கு இருவகை நினைவகங்கள் உண்டு. முதலாவது, மின் இருக்கும்வரை மட்டுமே நினைவு வைத்திருக்கும் அழிதகு நினைவகம், பேச்சுவழக்கில் ராம். இரண்டாவது, மின் போனபின்னும் எழுத்தைக் காக்கும் பளிச்சீட்டு நினைவகம். நினைவட்டைக்குள் இருப்பது இவ்விரண்டாம் வகை. எது எதில் எழுதப்பட வேண்டும் என்பதே சிறுகணினி அமைப்போனின் தலையாய முடிவு. பலர் இம்முடிவை எடுப்பதே இல்லை. மேசைக் கணினிக்கான இயல்பமைப்பை அப்படியே அட்டையில் ஏற்றி மலைக்கு அனுப்பிவிடுகின்றனர்.

பளிச்சீட்டு நினைவகத்துக்கு ஒரு குறை உண்டு. அது எழுதப்படுவதாலேயே தேய்கிறது. பளிச்சீட்டு நினைவகத்தை தோஷிபா நிறுவனத்தின் ஃபுஜியோ மசுவோகா 1984-இல் அறிவித்தார். இன்றைய நினைவட்டைகளுக்கு அடிப்படையான நேண்ட் வகையை அவரும் அவர் குழுவினரும் 1987-இல் வெளியிட்டனர். அதன் ஒவ்வொரு கலத்திலும் மெல்லிய ஒட்சைட்டுப் படலம் ஒன்று இலத்திரன்களைச் சிறைவைக்கிறது. எழுதும்போதும் அழிக்கும்போதும் உயர் மின்னழுத்தத்தால் இலத்திரன்கள் அப்படலத்தை ஊடுருவிச் செல்கின்றன. ஒவ்வோர் ஊடுருவலும் படலத்தைச் சிறிது பழுதாக்கும். கலம் ஒன்றுக்கு ஒரே பிட்டு வைத்த பழைய வகை ஏறத்தாழ 1,00,000 அழிப்புகளைத் தாங்கியது. கலத்துக்கு மூன்று பிட்டு திணிக்கும் மலிவான அட்டைகள் தாங்குவது ஆயிரத்தையொட்டிய எண்ணிக்கையே.

இதனோடு மற்றொரு தொல்லையும் சேர்கிறது. இந்நினைவகத்தில் எழுதுவது சிறு பக்கமாக நடக்கும். அழிப்பதோ பெருந்தொகுதியாகத்தான் நடக்கும். ஒரு தொகுதி பல மெகாபைட் அளவுடையதாகவும் இருக்கலாம். நான்கு கிலோபைட் மாற்றத்துக்காக ஒரு தொகுதி முழுவதையும் வேறிடத்துக்குப் பெயர்த்தெழுத வேண்டிய நிலை நேரும். 8 கிகாபைட் அட்டையொன்றை எடுத்துக்கொள்வோம். அது 1,000 அழிப்புகளைத் தாங்குமெனின், எல்லாக் கலங்களும் சமமாகத் தேய்ந்தாலும் அதன் வாழ்நாள் எழுத்து 8,000 கிகாபைட். கணினி ஐந்து நொடிக்கு ஒருமுறை எதையேனும் எழுதுகிறது, ஒவ்வொரு முறையும் 4 மெகாபைட் தொகுதி ஒன்று புரட்டப்படுகிறது என்ற மிக மோசமான நிலையைக் கொள்வோம். நாளொன்றுக்கு 17,280 எழுத்துகள், ஏறத்தாழ 69 கிகாபைட். 116 நாளில் அட்டையின் ஆயுள் முடிந்துவிடும். நல்ல அட்டைகளின் உள்ளே இருக்கும் கட்டுப்பாட்டுச் சில்லு சிறு எழுத்துகளைத் திரட்டி இவ்விழப்பைக் குறைக்கும். எவ்வளவு குறைக்கும் என்பதை அட்டை விற்போர் உறையில் அச்சிடுவதில்லை.

பெரிய நிறுவனங்களும் இதற்கு விலை கொடுத்திருக்கின்றன. 2021 பெப்ரவரியில் டெஸ்லா நிறுவனம் அமெரிக்காவில் ஏறத்தாழ 1,35,000 மகிழுந்துகளைத் திரும்ப அழைக்க நேர்ந்தது. அவற்றின் நடுத்திரைக் கணினியிலிருந்த 8 கிகாபைட் பளிச்சீட்டு நினைவகம் எழுதி எழுதித் தேய்ந்ததே கரணியம். அது ஓய்ந்தபோது பின்புறக் காட்சி காட்டும் திரையும் இருண்டது.

நம் மழைமானியில் அட்டையைத் தேய்ப்பது எது? மழை அன்று. வெளியேற்ற எல்லையான 150 மில்லிமீட்டர் ஒரே நாளில் கொட்டினாலும் கிண்ணம் கவிழ்வது 750 தடவைதான். ஒவ்வொரு கவிழ்வையும் தனித்தனியே எழுதினாலும் அது பெருஞ்சுமை ஆகாது. மழையற்ற நாளில் அச்சுமையும் இல்லை. தேய்ப்பது கணினி தன்னைப் பற்றித் தானே எழுதிக்கொள்ளும் ஓயாத குறிப்பு. வலை கிடைத்தது, வலை போயிற்று, கடிகாரம் திருத்தப்பட்டது, இன்ன செய்நிரல் எழுந்தது, மீண்டும் முயன்றது என்று இயங்குதளம் நாள் முழுதும் பதிவேடு எழுதிக்கொண்டே இருக்கிறது. மலைமுகட்டில் செல்பேசி அலை வந்து வந்து போகும் இடத்தில் இப்பதிவேடு தடித்துக்கொண்டே போகும். அதை எவரும் படிப்பதில்லை. அதற்காகவே அட்டை மாள்கிறது.

இங்கேதான் நினைவகக் கோப்பு முறைமை துணைக்கு வருகிறது. கோப்பு முறைமை என்பது கோப்புகளுக்குப் பெயரும் இடமும் ஒழுங்கும் தரும் ஏற்பாடு. அதை வட்டின் மேலோ அட்டையின் மேலோ அமைக்காமல் ராமின் மேலேயே அமைத்துவிட்டால், செய்நிரல்கள் வழக்கம்போல் கோப்புத் திறந்து எழுதும், மூடும், பெயர் மாற்றும். ஆனால் அட்டையில் ஓரெழுத்தும் விழாது. மின் போனால் எல்லாம் போகும். செய்நிரலில் ஒரு வரியும் மாற்ற வேண்டியதில்லை என்பது இதன் பெருஞ்சிறப்பு. கோப்புறை ஒன்றின் அடித்தளத்தை மட்டும் மாற்றினால் போதும்.

இதன் உள்ளமைப்பு அழகானது. எந்தக் கோப்பை எழுதினாலும் இயங்குதளத்தின் மையமான லினக்ஸ் கருவகம் முதலில் அதை ராமில் உள்ள பக்க இடைமாற்று என்னும் தற்காலிக இருப்பில்தான் வைக்கிறது. அப்பக்கத்தை ‘அழுக்குற்றது’ எனக் குறித்துக்கொண்டு, பின்னர் ஓய்வாக வட்டில் இறக்கித் தூய்மை செய்கிறது. தூய்மையான பக்கத்தை, இடம் தேவைப்படும்போது கருவகம் கழித்துவிடலாம். மூலம் வட்டில் இருக்கிறதல்லவா! இனி, அடியில் வட்டே இல்லாத ஒரு கோப்பு முறைமையை எண்ணுக. அதன் பக்கங்களுக்கு இறங்கும் இடம் இல்லை, ஆகவே அவை என்றும் தூய்மை ஆவதில்லை, கழிக்கப்படுவதும் இல்லை. இவ்வளவுதான் ‘ராம்எஃப்எஸ்’ என்னும் முறைமை. ஏற்கெனவே இருந்த இடைமாற்றின் கீழிருந்து வட்டை உருவிவிட்டதே அதன் முழுக் கண்டுபிடிப்பு. அதற்குரிய நிரலும் மிகச் சிறியது. அதற்கு முந்தைய ‘ராம்வட்டு’ முறையோ ராமில் ஒரு பகுதியை வெட்டி அதை வட்டென்று நடிக்கவைத்தது. நடிப்பின் விளைவாக ஒரே எழுத்து வட்டிலும் இடைமாற்றிலுமாக ராமில் இருமுறை குடியிருந்தது. சிறுகணினிக்கு அது வீண்செலவு.

ராம்எஃப்எஸ் முறைமைக்கு எல்லை இல்லை. எழுத எழுத ராம் முழுவதையும் விழுங்கிவிடும். எனவே எல்லை வகுக்கும் ‘டிஎம்பிஎஃப்எஸ்’ முறைமை வழக்கிற்கு வந்தது. அப்பெயரில் முதலில் அமைத்தவர்கள் 1980-களின் பிற்பகுதியில் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தார். லினக்ஸில் அது 2001 தொடக்கத்தில் வெளிவந்த 2.4 பதிப்போடு நிலைபெற்றது. இன்று லினக்ஸ் ஓடும் ஏறத்தாழ எல்லாப் பொறிகளிலும் அது ஒரு மூலையிலேனும் இருக்கிறது.

வாசகரின் வீட்டிலேயே எடுத்துக்காட்டு இருக்கக்கூடும். இணைய வழிச்செலுத்திப் பெட்டிகளுக்கான ஓப்பன்டபிள்யூஆர்டி இயங்குதளம் 2004-இல் தொடங்கியது. லிங்க்சிஸ் நிறுவனத்தின் டபிள்யூஆர்டி54ஜி என்ற பெட்டியிலிருந்து கிளைத்தது அது. அக்காலப் பெட்டியில் இருந்தது 4 மெகாபைட் பளிச்சீட்டு நினைவகமும் 16 மெகாபைட் ராமும். இயங்குதளத்தின் உடலை இறுகச் சுருக்கி, படிக்க மட்டும் இயலும் முறைமையாக வைத்தனர். மாறும் அமைப்புகளுக்குச் சிறு மேலடுக்கு ஒன்று. தற்காலிகக் கோப்புகள் முழுவதும் ராமில். பதிவேடும் அங்கேயே, வளையமாக. நிறைந்ததும் பழைய வரிகள் உதிரும். பெட்டியை எந்நொடியிலும் சுவரிலிருந்து பிடுங்கலாம். மீண்டும் செருகினால் அதே நிலையில் எழும். பத்தாண்டு ஓடும் பெட்டிகளின் ஆயுளுக்கு இவ்வேற்பாட்டுக்கும் பங்குண்டு.

ஆயினும் டிஎம்பிஎஃப்எஸ் முறைமையை அளவறியாது பயன்படுத்துவோர் வேறொரு குழியில் விழுகின்றனர். எல்லை சொல்லாமல் அமைத்தால் அது ராமின் பாதியைத் தன் எல்லையாகக் கொள்ளும். 64 மெகாபைட் ராம் உள்ள பலகையில் பாதி என்பது 32. அத்தகைய கோப்புறைகள் இரண்டு மூன்று இருந்து ஒவ்வொன்றும் தன் பாதியை நிரப்பினால் கணக்கு எங்கே நிற்கும்? மேசைக் கணினியில் மிகுதியானதை வட்டில் ஒதுக்கி வைக்க இடமாற்றுப் பகுதி உண்டு. மலைமேல் நிற்கும் பொறியில் பெரும்பாலும் அது இல்லை. ராம் தீர்ந்தால் கருவகம் ஏதேனும் ஒரு செய்நிரலைக் கொன்று இடம் மீட்க முயலும். செய்நிரல் மாண்டாலும் அது எழுதிய நினைவகக் கோப்பு மாளாது. கொலை நடந்தும் இடம் மீளாமல் பொறி திணறி நிற்கும். எனவே எல்லையை மெகாபைட்டில் எண்ணிச் சொல்லுதலே முறை.

இன்னொன்றும் உண்டு. இம்முறைமை இடத்தைப் பக்கம் பக்கமாகவே அளிக்கும். பக்கம் பொதுவாக 4 கிலோபைட். 100 பைட் அளவுள்ள ஆயிரம் கோப்புகளை எழுதினால் 100 கிலோபைட் போதும் என்று நினைப்போம். அது 4 மெகாபைட்டைக் கொள்ளும். ஒவ்வொரு கோப்புக்குமான குறிப்பேட்டிடம் வேறு. கிண்ணம் கவிழும் ஒவ்வொரு தடவைக்கும் ஒரு கோப்பு என்று எழுதும் செய்நிரலை யாரேனும் ஆக்கினால், அது பெருமழை நாளிலேயே பொறியை மூச்சுத்திணற வைக்கும்.

சிறு அளவீடுகளை ராமில் சேர்த்து, மணிக்கொரு முறை மொத்தமாய் அட்டையில் இறக்குவது நடுவழி. கொழுந்து பறிப்போர் ஒவ்வொரு கிள்ளையும் நிறுவைக்குக் கொண்டு ஓடுவதில்லை. கூடை நிறைந்தபின் செல்கின்றனர். மேற்கண்ட மோசமான கணக்கையே கொண்டாலும், நாளுக்கு 24 எழுத்து என்றால் 96 மெகாபைட்தான். 116 நாளில் தீர்ந்த அட்டை இப்போது கணக்கின்படி 228 ஆண்டு தாங்கும். வேறு எதனாலேனும் அதற்குள் அது பழுதாகிவிடும் என்பது உறுதி.

இவ்வளவில் நின்றுவிட்டால் கட்டுரை இனிதே முடிந்துவிடும். ஹந்தானை அதற்கு இடம் தருவதில்லை.

நினைவகக் கோப்பை அழிப்பது மின்தடை. ஹந்தானைச் சரிவில் மின்னை அறுப்பது எது? இடிமழை. முறிந்த கிளை கம்பியில் விழுகிறது, மின்னல் இறங்குகிறது. ஞாயிற்றொளித் தகட்டை நம்பியிருந்தாலும், நாட்கணக்கில் முகில் மூடிய கார்த்திகையில் மின்கலம் வற்றுகிறது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது கண்டி மாவட்டத்தில் சரிவுகள் பல இடிந்தன. அதே நாள்களில் மின்னும் தொலைத்தொடர்பும் பரவலாக அறுந்தன. அளக்கப்படும் பொருளும் அளவை அழிக்கும் பொருளும் ஒரே முகிலிலிருந்து வருகின்றன. மின்தடை எப்போதோ எவ்வாறோ நேரும் ஒன்று, அதில் ஒரு மணி நேரத் தரவு போனால் சராசரியில் பெரிதல்ல என்று கூறும் நூல்வழி மதிப்பீடு இங்கே செல்லாது. வறண்ட மாசி மாதத்தின் நூறு மணிகள் போனாலும் இழப்பில்லை. 140 மில்லிமீட்டர் எட்டிய மாலையில் ஒரு மணி போனால், பொறி மீண்டெழுந்தபின் அந்த மணியின் மழை அதன் கணக்கில் இராது. 150 எல்லை கடந்தது அதற்குத் தெரியாது. சரிவின் அடியில் இருப்போர் வெளியேறமாட்டார்கள்.

அப்படியானால் எல்லாவற்றையும் அட்டையிலேயே எழுதலாமே என்றால், அதுவும் இதே முகிலுக்கு அஞ்ச வேண்டிய வழி. அட்டையின் உட்சில்லு தொகுதி ஒன்றைப் பெயர்த்துக்கொண்டிருக்கும் நொடியில் மின் போனால், எழுதிக்கொண்டிருந்த கோப்பு மட்டுமன்று, தொடர்பே இல்லாத வேறு கோப்புகளும், சில வேளை இயங்குதளமே கூட, சிதையலாம். அப்பொறி மின் வந்தபின்னும் எழாது. ஓயாது எழுதும் பொறி இடிமழைக்கு ஓயாது இலக்காகிறது. இயங்குதளத்தைப் படிக்க மட்டும் இயலுமாறு பூட்டி, மாறுவன அனைத்தையும் ராமுக்கு அனுப்பினால் மீண்டெழுதல் உறுதி. ஆனால் மீண்டெழுவது கணக்கை மறந்த பொறி.

இந்த இருதலைச் சிக்கலை மிகத் தொலைவில் எதிர்கொண்டவர்கள் உண்டு. நாசாவின் ஸ்பிரிட் ஊர்தி செவ்வாயில் இறங்கி மூன்று கிழமை ஆகுமுன், 2004 சனவரி 21 அன்று, தெளிவான பேச்சை நிறுத்தியது. அதன் பளிச்சீட்டு நினைவகத்தில் கோப்புகள் பெருகிக்கிடந்தன. பயணக் காலத்தில் சேர்ந்தவையும் அவற்றுள் அடக்கம். அவற்றின் பட்டியலை ராமில் ஏற்ற இடம் போதவில்லை. இடம் போதாத கணினி தன்னை மீட்டுத் தொடங்கியது. தொடங்கியதும் மீண்டும் அப்பட்டியலை ஏற்ற முயன்றது. அறுபது தடவைக்கு மேல் இவ்வாறு விழுந்தெழுந்ததோடு, இரவில் உறங்காமல் மின்கலத்தையும் கரைத்தது. பொறியாளர்கள் புவியிலிருந்து அனுப்பிய ஆணை, பளிச்சீட்டு நினைவகத்தைத் தொடாதே, ராமில் மட்டும் கோப்பு முறைமை அமைத்து எழு என்பது. எழுந்தது. பிறகு தேவையற்றவற்றை நீக்கிப் பளிச்சீட்டு நினைவகத்தைப் புதிதாக வடிவமைத்தனர். பெப்ரவரித் தொடக்கத்தில் ஊர்தி பணிக்குத் திரும்பியது.

அதன் இணையான ஒப்பர்ச்சுனிட்டியின் கதை நமக்கு இன்னும் நெருங்கியது. பத்தாண்டு உழைத்து அதன் பளிச்சீட்டு நினைவகம் தளர்ந்தது. 2014 இறுதியில் எழுதியது நில்லாமல் போகத் தொடங்கியது. அதன்பின் நெடுங்காலம் அதை ராமை மட்டும் நம்பி இயக்கினர். ஞாயிற்றொளியில் வாழும் அவ்வூர்தி இரவில் அணையும். அணைந்தால் அன்றைய தரவு முழுதும் போகும். எனவே மாலை அணையுமுன் தலைக்கு மேல் செல்லும் சுற்றுக்கலன் வழியாக அன்றைய அறுவடையைப் புவிக்கு அனுப்பிவிடுவது நாள்முறை ஆயிற்று. தன்னிடம் வைத்துக்கொள்ள இயலாததைப் பிறரிடம் ஒப்படைத்துவிடுதல் அவர்கள் கண்ட வழி.

ஒப்பர்ச்சுனிட்டிக்கு இரவு எப்போது வரும் என்று தெரியும். ஹந்தானைப் பொறிக்கு மின்தடை எப்போது வரும் என்று தெரியாது. ஆனால் அதனிடம் ஒரு முன்னறிகுறி இருக்கிறது. மழையே அந்த முன்னறிகுறி. அது மழைமானி அல்லவா! எழுத்தின் இடைவெளியைக் கடிகாரத்திடம் ஒப்படைப்பதை விடக் கிண்ணத்திடம் ஒப்படைப்பது மேல் என்பது என் துணிபு. மழையில்லாத நாளில் ஆறு மணிக்கொரு முறை அட்டையில் இறக்கலாம். தூறலில் மணிக்கொரு முறை. 24 மணி மொத்தம் 75 மில்லிமீட்டரைத் தாண்டியபின் ஐந்து மணித்துளிக்கொரு முறை எழுதி, உடனே வலை வழியாகவும் அனுப்பிவிட வேண்டும். பெருமழை நாள்கள் ஆண்டில் சிலவே. அந்நாள்களில் அட்டையை எண்ணாது செலவழிக்கலாம். அட்டை இருப்பதே அந்நாள்களுக்காக.

எழுதும் முறையிலும் ஒழுங்கு வேண்டும். இருக்கும் கோப்பின் மேலேயே எழுதலாகாது. புதுக்கோப்பாக எழுதி, அது உண்மையாகவே அட்டைக்குள் இறங்கியதை ‘எஃப்சிங்க்’ ஆணையால் உறுதிசெய்து, அதன் பிறகே பழையதன் பெயரை அதற்குச் சூட்ட வேண்டும். பெயர்மாற்றம் ஒரே செயலாய் நிகழ்வதால், எந்நொடியில் மின் போனாலும் பழைய முழுக்கணக்கோ புதிய முழுக்கணக்கோ எஞ்சும். பாதி எழுதிய கணக்கு எஞ்சாது. தரவுக்கென அட்டையில் தனிப் பிரிவு வகுப்பது கோப்பு முறைமையின் சிதைவு இயங்குதளத்தின் பக்கம் பரவாமல் தடுக்கும். உட்சில்லின் கோளாற்றை அது தடுக்காது. பணம் இடம் கொடுத்தால் தரவுக்கு வேறொரு சில்லையே வைப்பது நன்று.

அச்சில்லும் சந்தையில் உண்டு. ஃபெர்ரோமின் நினைவகம் எனப்படும் எஃப்ராம் மின் போனாலும் மறப்பதில்லை. எழுதுவதால் தேய்வதும் அரிது. இலட்சம் கோடிக்கும் மேலான எழுத்துகளைத் தாங்குமென அதை ஆக்குவோர் உறுதி தருகின்றனர். தொகுதியழிப்பு என்ற தொல்லையும் அதற்கு இல்லை. அதன் குறை கொள்ளளவு. எளிதில் கிடைப்பவை சில கிலோபைட் முதல் சில நூறு கிலோபைட் வரை. அதில் இயங்குதளம் குடியேற முடியாது. ஆனால் கடந்த 24 மணிகளுக்கும் மணிக்கு இரண்டு பைட் வீதம் மழைக்கணக்கு வைக்க 48 பைட் போதும். நேரக்குறிப்பும் பிழையறியும் எண்ணும் சேர்த்தாலும் நூறைத் தாண்டாது. கிண்ணம் கவிழும் ஒவ்வொரு தடவையும் அதில் எழுதலாம். இயங்குதளத்தின் பதிவேடு, வலை முயற்சிகள், இடைக்காலக் கோப்புகள் யாவும் டிஎம்பிஎஃப்எஸ் முறைமையில் எட்டோ பதினாறோ மெகாபைட் எல்லைக்குள் கிடந்து, மின் போகும்போது அழிந்து போகட்டும்.